திருமங்கலம் வரைக்கும் அதே பத்து ரூபாய்

அழகுபாண்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் வேலை என்றால் திருமங்கலத்துக்கு டிக்கெட் எடுப்பார். மதுரையிலிருந்து பாசஞ்சர் வண்டியில் இரண்டு ஊருக்கும் ஒரே கட்டணம்தான், பத்து ரூபாய். ஒன்று அடுத்த ஸ்டேஷன், மற்றது அதற்கும் அடுத்தது. "பத்து ரூவாய்க்கு எம்புட்டுத் தூரம் விடுறாகளோ அம்புட்டையும் வாங்கி வச்சுக்கிறணும். எறங்குறது நம்ம இஷ்டம்" என்பார். கண் அசந்து ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனாலும் டிக்கெட் நம் பக்கம் நிற்கும் என்பது அவர் எண்ணம். வண்டியில் அவர் கண் அசந்ததே கிடையாது என்பது வேறு விஷயம்.

வயது ஐம்பத்தொன்று. சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டைகளை எடை பார்த்து இறக்கும் வேலை. வீடு சோழவந்தான். இருபத்தாறு வருடமாகச் சீசன் டிக்கெட்டில் காலையில் மதுரைக்கு வருவதும் பொழுது சாய்ந்து திரும்புவதுமாக இருக்கிறார். மொபைல் டிக்கெட்டைப் படம் பிடித்து வைத்துக் காட்டினால் செல்லாது, ஆப்பிலேயே திறந்து காட்ட வேண்டும். ஸ்டேஷனுக்குள் போய் நின்றுகொண்டு அதை எடுக்க முடியாது. எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் வண்டி ஏறியாக வேண்டும். இதெல்லாம் அவர் ஏறும் ரயில் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும் என்றால் அது அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் பின்னால் ஒரு பதினைந்தாம் தேதி இருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அக்கா பாண்டீஸ்வரியின் மகள் திவ்யாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். பாண்டீஸ்வரிக்குக் கூடப் பிறந்தவர் அழகுபாண்டி ஒருவர்தான். சோழவந்தானிலிருந்து வண்டியேறி, மதுரையில் இறங்கி, கறுப்புக் கோட்டுக்காரரிடம் சீசன் சீட்டை நீட்டினார். பழைய சீட்டு பதினான்காம் தேதியோடு முடிந்திருந்தது. புதுச்சீட்டு பதினாறாம் தேதி ஆரம்பித்தது. கவுன்ட்டரில் தேதியைத் தப்பாகச் சொன்னது அவரேதான். கையில் இரண்டு சீட்டு, ஆனால் அன்றைக்கு மட்டும் டிக்கெட் இல்லாத ஆள். அபராதம் கட்டக் காசில்லை. கடைக்குச் சொல்லியனுப்பி, ஆள் வந்து கட்டி, அவர் வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன் முத்திருளன் மடியில் உட்கார வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தியிருந்தார்கள். முறைக்கு அவரும் மாமன்தான்.

பாண்டீஸ்வரி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "எந்தம்பிக்கு ரயில்வேல சோலி அதிகம்" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தை எடுத்துப் பரிமாறாமல் இருந்ததில்லை.

இப்போது அந்தத் திவ்யாவுக்குக் கல்யாணம். திருப்பரங்குன்றத்தில், ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் மண்டபம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து. பெண்ணை மேடைக்கு அனுப்பும் முன்னால் தாய்மாமன் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். பத்திரிகை வைக்க வந்த அன்று பாண்டீஸ்வரி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இந்தத் தடவையாச்சும் நீ கட்டுவியா தம்பி, இல்ல முத்திருளண்ணங்கிட்டச் சொல்லி வைக்கவா?"

"நான் செத்தாத்தான் அவரு கட்டணும்க்கா."

"நல்ல காரியம் பேசுறப்ப வாயைப் பாரு" என்று தோளில் ஓர் அடி விழுந்தது. அழகுபாண்டி சிரிக்கவில்லை.

முதல் நாள் மாலையே சீர்த் தட்டுகளோடு குடும்பம் வேனில் போய்விட்டது. பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. விடிந்ததும் தருவதாக ஆசாரி சொன்னதால் அவர் ஒருவர் தங்கினார். காலை ஆறரைக்கு ஆசாரி சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். பொன்முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகடு, இரண்டு பக்கமும் கட்டுவதற்கு மஞ்சள் நூல், சின்ன அட்டைப் பெட்டியில். அதுவரை எல்லாம் சரி.

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பர்ஸைத் தேடியபோதுதான் முதல் அடி விழுந்தது. பர்ஸ் பழைய சட்டையில் இருந்தது. பழைய சட்டையை மனைவி சீனியம்மாள் துணிப்பையில் மடித்து வைத்து வேனில் கொண்டுபோயிருந்தாள். நல்லவேளை, சீசன் சீட்டும் அதன் அடையாள அட்டையும் எப்போதும்போல ஆணியில் தொங்கின. சரி, போன் இருக்கிறதே, எல்லாம் அதில்தானே என்று எடுத்தால் பதினொரு சதவீதம். இரவு சார்ஜரைச் சொருகியிருந்தார். சுவிட்சைப் போடவில்லை.

அபசகுனம் என்றெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை அவர். ஆனாலும் பட்டம் இருக்கிறதா என்று அட்டைப் பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டார்.

முகூர்த்த நாளில் பழங்காநத்தத்திலிருந்து திருநகர் வரைக்கும் திருப்பரங்குன்றம் ரோட்டில் வண்டிகள் ஊரும். பஸ்ஸை நம்பிப் போக முடியாது. மதுரை தாண்டித் தெற்கே போகும் காலைப் பாசஞ்சரில் ஏறினால் எட்டு மணிக்குள் திருப்பரங்குன்றம். அதனால் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்று ஆப்பைத் திறந்தார். சோழவந்தானிலிருந்து நேராகவே எடுத்திருக்கலாம். ஆனால் மதுரை வரைக்கும் சீசன் இருக்கும்போது அதே தண்டவாளத்துக்கு இன்னொரு டிக்கெட் எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மதுரையிலிருந்து திருமங்கலம், ஒரு ஆள், பத்து ரூபாய்.

"ஏண்ணே, கல்யாணம் திருப்பரங்குன்றத்துலதான?" தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது தனிஸ்லாஸ். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பத்து வருடமாக ஒரே பெட்டி. "திருமங்கலத்துல யாருக்கு மொய் செய்யப் போறீக?"

"போடா, நீ வேற. அதே காசுதான்."

"அதே காசுன்னா கன்னியாகுமரிக்கும் எடுப்பீக போல."

வண்டி நேரத்துக்கு வந்தது. சமயநல்லூரிலும் நேரத்துக்கு நின்றது. அதற்கப்புறம் மெதுவாகி, கூடல்நகருக்கு முன்னால் வெட்டவெளியில் நின்றுவிட்டது. சிக்னல் விழவில்லை. ஒரு எக்ஸ்பிரஸ் போனது. இன்னொன்று போனது. பெட்டியில் யாரும் பதறவில்லை. அவர்களுக்கு இது வழக்கம்தான். அழகுபாண்டி மட்டும் வாசலுக்கும் சீட்டுக்குமாக நடந்தார். ஏழு நாற்பது. ஏழு ஐம்பது.

போன் அடித்தது. சீனியம்மாள்.

"என்னங்க, எங்க இருக்கீக? மதினி கேட்டுக்கிட்டே இருக்காக."

"கூடல்நகர் பக்கம் நிக்கிது. வந்துருவேன். போனை வையி."

"பொண்ணுக்கு அலங்காரமே முடியப்போகுது. நீங்க என்ன இன்னும்…"

"போனை வைடி! சார்ஜ் இல்ல. போன் செத்தா டிக்கெட்டும் செத்துரும்!"

எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழகுபாண்டி திரையைப் பார்த்தார். ஏழு சதவீதம். தனிஸ்லாஸின் சார்ஜர் முனை அவருடைய போனுக்குச் சேரவில்லை. பூக்கார அம்மாவிடம் இருந்தது பட்டன் போன்.

மீண்டும் அடித்தது. இந்த முறை பாண்டீஸ்வரி. அவர் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. எடுத்தால் அக்கா உடனே வைக்க மாட்டாள். இருபத்திரண்டு வருடத்தையும் பேசிவிட்டுத்தான் வைப்பாள். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. ஐந்து சதவீதம்.

"அண்ணே, பேசாம ஏரோப்ளேன் மோடுல போடுங்க" என்றார் தனிஸ்லாஸ். "யாரும் கூப்புட முடியாது, சார்ஜும் எறங்காது. டிக்கெட் நெட்டு இல்லாமலே தெரியும். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

போட்டார். போன் அமைதியானது. அவருக்கும் ஒரு நிமிடம் மூச்சு சீரானது. அந்தப் பக்கம் அக்காவின் காதில் என்ன விழும் என்பது அதற்கு அடுத்த நிமிடம்தான் உறைத்தது. ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது. கல்யாணத்தன்று, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், தாய்மாமன் போனை அணைத்து வைத்திருக்கிறான்.

எட்டு பத்துக்கு வண்டி நகர்ந்தது. மதுரைக்கு வர எட்டரை. தனிஸ்லாஸ் இறங்கும்போது, "ஒண்ணும் ஆகாதுண்ணே. பட்டத்தைக் கட்டிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். வண்டி கிளம்பவில்லை. பிளாட்பாரக் கடிகாரம் எட்டு முப்பத்தெட்டு என்றது. எட்டு நாற்பது என்றது. இறங்கி ஓடிப்போய் ஆட்டோ பிடிக்கலாமா? கையில் காசில்லை. தனிஸ்லாஸிடம் வாங்கியிருக்கலாம் என்பதே அவர் போனபிறகுதான் தோன்றியது. மண்டபத்தில் போய் வாங்கித் தருகிறேன் என்றால் வருவார்களோ என்னவோ. வந்தாலும் பழங்காநத்தத்தைத் தாண்டி வண்டி நகர வேண்டுமே. இறங்கியபின் இந்த வண்டி கிளம்பிவிட்டால்? சட்டைக் காலரில் வேர்வை இறங்கியது. அட்டைப் பெட்டிக்குள் பட்டம் சற்று அசைந்து சத்தம் கேட்டால்கூடத் திறந்து பார்த்தார்.

எட்டு நாற்பத்திரண்டுக்கு வண்டி கிளம்பியது. கிளம்பும் நேரத்தில் பெட்டியின் கடைசி வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு ஏறியது. பெண் டி.டி.ஆர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டிக்கெட்டைத் திறந்து தயாராக வைத்துக்கொள்ளலாம் என்று அழகுபாண்டி போனை எடுத்தார். அவசரத்தில் விரல் பட்ட இடத்தில் ஏரோப்ளேன் மோடு அணைந்துவிட்டது. உடனே சீனியம்மாளின் செய்தி வந்து விழுந்தது. மகள் அடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"முத்திருளன் பெரியப்பாவைப் பட்டம் கட்டச் சொல்லிட்டாங்க. அவங்க கை கழுவப் போயிருக்காங்க. எங்கப்பா இருக்கீங்க?"

மூன்று சதவீதம்.

டி.டி.ஆர் நான்கு சீட்டுக்கு அப்பால் இருந்தார். ஆப்பைத் திறந்து வைத்தால் டிக்கெட்டைக் காட்டிவிடலாம். காட்டிவிட்டு இறங்கி ஓடலாம். ஆனால் அவர் ஓடிப்போய்ச் சேரும்போது முத்திருளன் பட்டத்துக்குப் பதில் ஒரு பூச்சரத்தையாவது கட்டி முடித்திருப்பார். அக்காவைக் கூப்பிட்டால் போன் போய்விடும். போன் போனால் மதுரைக்கு இந்தப் பக்கம் அவர் டிக்கெட் இல்லாத ஆள். பர்ஸ் இல்லாத, டிக்கெட் இல்லாத ஆள். அந்தப் பதினைந்தாம் தேதி மறுபடியும்.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கறுப்புக் கோட்டைக் கண்டால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்த கை, அக்காவின் பெயரை அழுத்தியது.

"அக்கா, நாந்தேன். பழங்காநத்தம் தாண்டிட்டேன். பட்டம் எங்கையிலதான் இருக்கு. அஞ்சே நிமிசம். யாரையும் கட்ட விடாத."

அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம். அதற்கு நடுவில் பாண்டீஸ்வரியின் குரல். "ஏன்டா போனை அமத்திப் போட்ட? ஒன்னைய நம்பி நான்…"

"போன்ல சார்ஜ் இல்லக்கா. டிக்கெட்டும் போன்லதான். டி.டி.ஆர் வந்துருச்சு. கையில காசும் இல்ல. போன் செத்துச்சுன்னா என்னையப் பிடிச்சுக்…"

திரை கறுத்தது. அவள் எதுவரைக்கும் கேட்டாள் என்று தெரியவில்லை.

"டிக்கெட் சார்."

கோட்டில் பவதாரிணி என்று பெயர்ப் பட்டை. அழகுபாண்டி எழுந்து நின்றார். சீசன் சீட்டை அட்டையோடு நீட்டினார்.

"இது மதுரை வரைக்கும்தான. மதுரை தாண்டியாச்சே."

"அதுக்கு டிக்கெட் இருக்கும்மா. போன்ல."

"காட்டுங்க."

"செத்துருச்சும்மா. இப்பத்தான்."

"டி.டி.ஆரைக் கண்டாத்தான் எல்லாருக்கும் போன் சாகுது" என்று மேல் பலகையிலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். அழகுபாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. இதே வாக்கியத்தை அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்.

"ரூல் எனக்குத் தெரியும்மா. காட்ட முடியலைன்னா டிக்கெட் இல்லாத மாதிரிதான்."

பவதாரிணி அவரை ஒரு பார்வை பார்த்தார். வாதாடாத பயணியை அவர் அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். "தெரிஞ்சா சரி. எரநூத்தம்பது அபராதம், டிக்கெட் பத்து. எரநூத்தறுவது குடுங்க."

"பர்ஸு திருப்பரங்குன்றத்துல இருக்கு. பொண்டாட்டி பையில. அங்க எங்கக்கா மக கல்யாணம். நாந்தான் தாய்மாமன்." பெட்டியைத் திறந்து காட்டினார். தகடு ஜன்னல் வெயிலில் மின்னியது. "ஒம்போது மணிக்கு முகூர்த்தம்."

பவதாரிணி பட்டத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலை பக்கத்தில் வந்துவிட்டது. "எனக்கு உங்களை நம்பணும்னுதான் சார் இருக்கு. ஆனா இங்க எறக்கி விட்டேன்னா நான் பதில் சொல்லணும். திருமங்கலம் வாங்க. அங்க உங்க ஆளுங்களுக்குப் போன் பண்ணித் தர்றேன்."

திருமங்கலம். பத்து ரூபாய்க்கு எவ்வளவு தூரமோ அவ்வளவும்.

வண்டி மெதுவானது. திருப்பரங்குன்றம் பிளாட்பாரம் ஜன்னலில் ஓடியது. பட்டுச் சேலைகள், சீர்த் தட்டுகள், குழந்தைகள். ஒரு நிமிடம்தான் நிற்கும். அழகுபாண்டி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கவில்லை. இறங்கி ஓடியிருக்கலாம், யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். கால் வரவில்லை.

"அழகுபாண்டி! ஏ, அழகுபாண்டி!"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு ஓடிவந்தார் முத்திருளன். அறுபது வயது உடம்பு. வாயால் மூச்சு வாங்கியது.

"அண்ணே! இங்கண்ணே!"

"எம்புட்டுடா கேக்குறாக?" வந்து நின்றதும் அதைத்தான் கேட்டார். கையில் நோட்டுகள் சுருட்டியிருந்தன. "ஒங்கக்கா வெரட்டி விட்டுச்சு. எந்தம்பி டிக்கெட்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டு நிப்பான், காசை எடுத்துட்டு ஓடுங்கண்ணேன்னு. எம்புட்டுடா?"

"எரநூத்தறுவது."

ஐந்நூறு ரூபாய்த் தாள் பவதாரிணியின் கைக்குப் போனது. கையிலிருந்த சின்ன மிஷினில் அவர் விரல்கள் ஓடின. முன்னால் சிக்னல் பச்சையாக இருந்தது. "மதுரையிலேர்ந்து எதுவரைக்கும் சார்?"

"திருமங்கலம்" என்றார் அழகுபாண்டி.

"ஏய், இங்கதானடா எறங்கணும்?" என்று முத்திருளன் கத்தினார்.

"அதே காசுதாண்ணே."

பவதாரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசீதையும் மீதியையும் ஒன்றாகத் திணித்து, "எறங்குங்க சார், எறங்குங்க, வண்டி எடுக்கப் போறாங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாத குறையாக இறக்கினார். அழகுபாண்டியின் கால் தரையில் பட்டபோது வண்டி நகர்ந்தது.

முத்திருளனின் பைக்கில் மண்டபத்துக்கு நாலு நிமிடம். சந்நிதித் தெருவில் மூன்று கல்யாணக் கூட்டம் எதிரே வந்தது. ஹாரனை அழுத்திய கையை முத்திருளன் எடுக்கவில்லை. அழகுபாண்டி அட்டைப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க கட்டப் போறதாச் சொன்னாகளே."

"சொன்னாக. கை கழுவிட்டு வந்தேன். ஒங்கக்கா வழியில நின்னுக்கிட்டு, எந்தம்பி வந்துட்டான், நீங்க காசை எடுங்கங்குது." ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கிவிட்டுச் சொன்னார். "எனக்கும் அன்னைக்கு அந்தப் புள்ளைய மடியில வச்சதுலேருந்து ஒரு மாதிரியாத்தான்டா இருந்துச்சு. நீ எறங்கு, ஓடு."

மணி ஒன்பது எட்டு. மணப்பெண் அறை வாசலில் பாண்டீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. தம்பியை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நனைந்த காலர், கசங்கிய புதுச் சட்டை, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரசீது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரயில்வேல சோலி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"அப்ப உள்ள போ. புள்ள காத்துக்கிட்டிருக்கு."

திவ்யா மணையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அழகுபாண்டி பட்டத்தை எடுத்து வைத்தார். நூல் முடிச்சு விழவில்லை, இரண்டு முறை நழுவியது. "மெதுவா மாமா, தாலி கட்ட இன்னும் நேரமிருக்கு" என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள். மூன்றாவது முறை முடிச்சு விழுந்தது.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "அண்ணே, பாக்கெட்ல பேப்பர் நீட்டிக்கிட்டு நிக்கிது. எடுத்துருங்க, ஆல்பத்துல அசிங்கமா இருக்கும்."

அழகுபாண்டி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கட்டும்ப்பா, அது டிக்கெட்டு. நீ எடு."